டீசலைத் தீர்த்த ஆடி மாதம்

எங்கள் பிக்கப் வண்டியின் டீசல் முள் எப்போதும் காலியில்தான் படுத்துக் கிடக்கும். டேங்கை வாய்வரை நிரப்பிவிட்டு வந்து சாவியைத் திருகினாலும் அது தலை தூக்காது. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காட்டுகிற மீட்டரும் வண்டி எங்கள் கைக்கு வருமுன்பே நின்றுபோயிருந்தது. என் வீட்டுக்காரர் இதையெல்லாம் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. "எம்புட்டு ஓடுச்சு, எம்புட்டு ஊத்துனோம்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு இருக்குல்ல" என்பார். அவர் மனசுக்குள் இருக்கிற கணக்கை நான் எப்படி எட்டிப் பார்ப்பது?

எனக்குக் கவலைப்படுவது மூச்சு விடுவது மாதிரி. கேஸ் அடுப்பை மூடிவிட்டுப் படுத்தால், எழுந்து போய் ஒரு தடவை பார்ப்பேன். திரும்பி வந்து படுத்ததும், பார்த்தேனே, சரியாகப் பார்த்தேனா என்று இருக்கும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அதற்கு மேல் படித்திருந்தால் இன்னும் பெரிய பெரிய விஷயங்களுக்கெல்லாம் கவலைப்பட்டிருப்பேன், விட்டதே நல்லது என்று என் நாத்தனார் சொல்வாள்.

அப்படிப்பட்டவள் கண்ணுக்கு முன்னால் ஒரு முள் எந்நேரமும் காலி, காலி என்று சொல்லிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? வழியில் எந்தப் பெட்ரோல் பங்கைப் பார்த்தாலும் "ஏங்க, கொஞ்சம் ஊத்திக்கிட்டுப் போயிருவோமே" என்பேன். முந்தின நாள்தான் ஊற்றியிருப்போம். பங்கில் குழாயை நுழைத்ததும் டீசல் நுரைத்துக்கொண்டு வெளியே வழியும். பங்கில் வேலை பார்க்கிற பையன்கள் எங்கள் வண்டி தலையைக் காட்டினாலே துடைக்கிற துணியோடு வருவார்கள்.

எங்கள் வீடு காரைக்குடிக்கு வெளியே இருக்கிறது. வீட்டுக்காரர் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவர். நானும் நாத்தனாரும் கல்யாணச் சீருக்குப் பலகாரம் போடுகிறோம். அதிரசம், மாவுருண்டை, சீப்புச்சீடை, தேன்குழல், மனகோலம் எல்லாம் போட்டு, டப்பா டப்பாவாக அடுக்கி அனுப்புவோம். சமையலுக்கும் பலகாரத்துக்கும் சேர்த்து இருப்பது அந்த ஒரே வண்டி. அதை ஓட்டுவது ஒரே ஆள். முகூர்த்த நாளில் அவர் ஒரு ஊரில் சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருப்பார், பலகாரம் இன்னொரு ஊருக்குப் போக வேண்டியிருக்கும். அதனால்தான் என்னை டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டார். லைசென்சும் வாங்கிவிட்டேன். எங்கள் தெருவில் முன்னாலும் பின்னாலும் ஓட்டுவேன். தனியாக மட்டும் எடுத்துக்கொண்டு போகமாட்டேன்.

"டீசல் இருக்கா இல்லையான்னே தெரியாத வண்டியை நான் எப்புடி வெளியூருக்கு ஓட்டிட்டுப் போறது? நடுவழியில நின்னுட்டா?" என்று கேட்பேன். நியாயமான கேள்வி என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். நாத்தனார் மட்டும், "மதினிக்கு அந்த முள்ளு நல்லா வாச்ச சாக்கு. அது சரியாயிட்டா வேற ஒண்ணைத் தேடணுமே" என்பாள்.

இந்த நிலையில்தான் காளையார்கோவிலிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். ஆவணியின் முதல் முகூர்த்தத்தில் அவர் மகளுக்குக் கல்யாணம். சீர்ப் பலகாரம் முழுவதும் எங்களிடம்தான் போட வேண்டும் என்றார். ஆனால் அவர்கள் வீட்டில் நடந்த போன கல்யாணத்தில் வேறு யாரோ வாடகை வண்டியில் அனுப்பிய மனகோலம் பொடிப்பொடியாக வந்து இறங்கியதாம். "சம்பந்தி வீட்டுக்காரவுக முன்னாடி டப்பாவைத் தொறந்தா அள்ளித் திங்கிற மாதிரி இருந்துச்சுத்தா" என்று சொல்லும்போதே அவர் குரல் கம்மியது. எனக்குத் தாங்கவில்லை. "கவலைப்படாதீக, நானே ஓட்டியாந்து இறக்கித் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

போனை வைத்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதே கல்யாண நாளில் வீட்டுக்காரருக்குக் கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணச் சமையல். நாத்தனாரும் அவரோடு போக வேண்டும். முதல் முகூர்த்தம் என்பதால் வெளியே டிரைவர் கிடைக்கமாட்டார். கிடைத்தாலும், நானே ஓட்டி வருகிறேன் என்று என் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. ஆவணி பிறப்பதற்குள் நான் தனியாகக் காளையார்கோவில் போய்வருகிற டிரைவராக மாற வேண்டும், இல்லையென்றால் அந்த அம்மாவிடம் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

"மொதல்ல முள்ளைச் சரி பண்ணுவோம்" என்றார் வீட்டுக்காரர்.

மூன்று பேருமாக மெக்கானிக்கிடம் போனோம். அவர் எங்களுக்கு இளையவர். தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருக்கிறார். கை வேலை செய்யாவிட்டாலும் வாய் வேலை செய்துகொண்டே இருக்கும். பியூசைக் கழற்றிப் பார்த்தார். நன்றாக இருந்தது. கண்ணாடி மேல் விரலால் சுண்டிப் பார்த்தார், முள் அசையவில்லை. "அக்கா, நீங்க உள்ள உக்காந்து சாவியைப் போடுங்க. முள்ளை மட்டும் பாருங்க. எந்திரிச்சா கத்துங்க" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தார். டேங்கிலிருந்து வருகிற ஒயரைப் பிடுங்கி, அதன் நுனியை வண்டியின் இரும்புச் சட்டத்தில் தொட்டார்.

முள் எழுந்தது. இத்தனை வருஷமாகப் படுத்தே கிடந்தது, தூக்கம் கலைந்த பூனை மாதிரி மெல்ல முதுகை வளைத்து, பாதியைத் தாண்டி, அந்தக் கோடிக்கே போய்விட்டது.

"எந்திரிச்சுருச்சு! எந்திரிச்சுருச்சு!"

"எம்புட்டு?"

"பூராம்! அங்குட்டு முட்டிக்கிட்டு நிக்குது! தம்பி, அப்புடியே கட்டி வச்சுருங்க!"

அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "கட்டி வச்சா டீசல் தீந்தாலும் புல்லுன்னுதான்க்கா காட்டும். இம்புட்டு நாளா காலின்னு பொய் சொல்லுச்சு. இனிமே நெறஞ்சிருக்குன்னு பொய் சொல்லும். எந்தப் பொய் வேணும்?"

யோசித்துப் பார்த்தால் எனக்குப் பழைய பொய்யே மேல் என்று தோன்றியது. அது என்னை நடுவழியில் நிறுத்தியதில்லை.

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே விளக்கினார். முள்ளில் குறை இல்லை, ஒயரிலும் இல்லை. டேங்குக்குள்ளே ஒரு மிதவை இருக்கிறது. டீசல் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். அதன் அசைவைத்தான் முள் காட்டுகிறது. அந்த மிதவைதான் கெட்டுப்போயிருக்க வேண்டும். டேங்கை இறக்கி, மேல்மூடியைக் கழற்றி எடுத்தால்தான் மாற்ற முடியும். சொல்லிவிட்டு ஸ்பேனரால் டேங்கைத் தட்டினார். தண்ணீர் நிரம்பிய அண்டாவைத் தட்டினால் வருமே, டொம் என்று, அந்தச் சத்தம்.

"என்னண்ணே இது, கழுத்து வரைக்கும் இருக்கு? இந்தக் கனத்தை ஜாக்கி வச்சு இறக்கினா என் நெஞ்சு மேலதான் இறங்கும். பூராத்தையும் வடிச்சுட்டுக் கொண்டாங்க. வீட்டுல டப்பா இருக்கும்ல?"

நான் வண்டியிலிருந்து குதித்துவிட்டேன். எங்கள் வீட்டில் டப்பாவுக்குப் பஞ்சமே இல்லை. எண்ணெய் டின், தகர டப்பா, எவர்சில்வர் தூக்கு, ஆள் இறங்கிக் குளிக்கிற அளவு அண்டா, எல்லாம் உண்டு. எல்லாமே பலகாரத்துக்கும் சமையலுக்கும் புழங்குகிறவை. அதில் ஒன்றில் டீசல் வாடை ஏறினால் அந்த வருஷத்து அதிரசம் முழுவதும் லாரி ஷெட் வாசம் அடிக்கும். "என் டப்பாவைத் தொட்டீகன்னா பாருங்க" என்றேன். மெக்கானிக்கிடம் சின்ன கேன் ஒன்று இருந்தது. பெரிய பேரல் ஒன்றும் இருந்தது, ஆனால் அதில் பழைய ஆயில் கிடந்தது.

"அப்ப ஓட்டித்தான் தீக்கணும்" என்றார் வீட்டுக்காரர்.

"ஓட்டுங்க. ஆனா சுத்தமாத் தீர விட்டுறாதீக. டீசல் குழாய்க்குள்ள காத்துப் புடிச்சுக்கிட்டா அப்புறம் பம்பை அமுக்கி அமுக்கிக் கை வீங்கிரும். கொஞ்சம் மிச்சம் வச்சுக் கொண்டாங்க."

"கொஞ்சம்தான் மிச்சம் இருக்குன்னு எப்புடித் தெரியும்?" என்று கேட்டேன்.

அதைக் காட்டுவதற்குத்தானே அந்த முள்! நாத்தனார் சிரித்த சிரிப்பில் பட்டறை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.

இப்படியாக, டீசல் தீர்ந்துவிடுமோ என்று வருஷக்கணக்காகப் பயந்தவள் டீசலைத் தீர்ப்பதற்காக வண்டி ஓட்ட வேண்டியதாயிற்று. ஆடி மாதம் என்பதால் கல்யாணம் கிடையாது, ஆர்டரும் கிடையாது. வீட்டுக்காரர் சமையல் பாத்திரங்களுக்கு ஈயம் பூசக் கொடுத்துவிட்டு அந்த வேலையின் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். "நீயும் தங்கச்சியும் போய்ட்டு வாங்க. நெறையா இருக்குறது தெரிஞ்சுதானே போறீக, இப்ப என்ன பயம்?" என்றார். வேறு எதற்காவது பயப்படலாமே என்று தேடினேன். அதற்குள் நாத்தனார் முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டாள்.

சும்மா ஓட்டி டீசலைக் கரைக்க மனசு வரவில்லை. யாருக்காவது உதவட்டும் என்று தெருவில் சொல்லிவிட்டோம்: எந்தச் சாமானாக இருந்தாலும் ஏற்றிக்கொண்டு வந்து தருகிறோம், வாடகை வேண்டாம். ஒருவரும் வரவில்லை. வாடகை வேண்டாம் என்றால் நம் சனங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். எதிர்வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏத்தா, உன் வீட்டுக்காரரு வார்டுக்கு நிக்கப் போறாரா?" என்று விசாரித்தார். டீசல் தீர்க்கணும் மாமா என்றேன். அது இன்னும் பெரிய சந்தேகமாகிவிட்டது.

கடைசியில் அவரேதான் முதல் லோடு கொடுத்தார். அவர் வீட்டுச் சாமி அறைக்கு ஆத்தங்குடியிலிருந்து கல் எடுத்துவர வேண்டும். கண்ணாடிமேல் வார்த்து எடுக்கிற பூப்போட்ட தரைக்கல். வைக்கோலைப் பரப்பி, கற்களைப் படுக்க வைக்காமல் நிறுத்திவைத்து அடுக்கினார்கள். ஏற்றிவிட்ட ஆள் கயிற்றை இறுக்கிக்கொண்டே, "டிரைவர் எங்கத்தா?" என்றார். நான்தான் என்றேன். அவர் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

மெதுவாகத்தான் ஓட்டினேன். எவ்வளவு மெதுவாக என்றால், "மதினி, அந்தா சைக்கிள்காரர் நம்மளை முந்துறாரு" என்று நாத்தனார் சொன்னாள். கொஞ்சம் பொறுத்து, "கேரியர்ல புல்லுக்கட்டு வேற வச்சுருக்காரு" என்றாள். வேகத்தடை வந்தால் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகக் கூப்பிட்டு இறக்கிவிட்டேன். எதிர்வீட்டு வாசலில் இறக்கிப் பார்த்தபோது ஒரு கல்கூட மூலை உடையவில்லை. அவர் ஒவ்வொரு கல்லாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாடகை வாங்குற ஆளு இப்புடிக் கொண்டாரமாட்டான்த்தா" என்றார். அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

அதற்குப் பிறகு ஆள் வரத் தொடங்கியது. மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றுகிற பெரிய பானைகள் போயின. ஒரு வீட்டுக் கட்டில் மகள் வீட்டுக்குப் போனது. வைக்கோல் போனது. குட்டியோடு ஒரு வெள்ளாடு போனது. குட்டி பின்னால் நின்றுகொண்டு வழியெல்லாம் கத்தியது. கத்தல் நின்றுபோனால் என்ன ஆச்சோ என்று வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்ப்பேன். என்னைப் பார்த்ததும் மறுபடி கத்தத் தொடங்கும். நாத்தனார் அந்த ஆட்டுக்குட்டிக்கும் எனக்கும் ஏதோ சொந்தம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

தினமும் வெயில் தாழ வந்து நின்றதும் டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குச்சி விடலாம் என்றால் டீசல் ஊற்றுகிற குழாய் வளைந்து போகிறது, குச்சி பாதியில் முட்டிக்கொள்கிறது. கேஸ் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று எப்படிப் பார்ப்போம்? ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால், கேஸ் இருக்கிற மட்டும் ஈரம் நிற்கும், மேலே சட்டென்று காய்ந்துவிடும். அதையே செய்தேன். துணியை நனைத்து டேங்கை மேலிருந்து கீழ்வரை துடைத்துவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தேன். ஆடிக் காற்றைப் பற்றி யோசிக்கவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் மேல், கீழ், பக்கவாட்டு, எல்லாம் ஒரே மாதிரி காய்ந்தது.

"வண்டியைக் குளிப்பாட்டுறியா?" என்றார் அப்போதுதான் வந்த வீட்டுக்காரர்.

பிறகு கரண்டியால் தட்டிப் பார்த்தேன். அது பலித்தது. அடியில் தட்டினால் டொம். மேலே தட்டினால் டங். ஒவ்வொரு நாளும் டங் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டு வந்தது. நானும் நாத்தனாரும் காதை வைத்துக் கேட்டு, "இங்குட்டு டொம்மு", "இல்ல மதினி, டங்குதான்" என்று சண்டை போடுவோம். போகிற வருகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுத் தங்கள் அபிப்பிராயத்தையும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஆடி முடிகிற சமயத்தில் டங் அடிப்பக்கம் வந்துவிட்டது. "இன்னும் ஒரு நடை போகும். காளையார்கோவிலுக்கே போவோம். மண்டபத்தையும், வண்டியை எங்க நிறுத்தி இறக்குறதுன்னும் பாத்துட்டு வந்தாப்புல இருக்கும்" என்றார் வீட்டுக்காரர். தீரப்போகிற டேங்கோடு வெளியூரா? அதற்கு அவரே ஒரு வழி சொன்னார். நானும் நாத்தனாரும் பிக்கப்பில். ஒரு கேன் டீசலோடு அவர் மொபெட்டில் பின்னாலேயே வருவார். பலகாரம் ஏற்றுகிற வண்டியில் டீசல் கேன் வேண்டாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வண்டி நின்றால் அவர் ஊற்றுவார். ஊற்றியும் ஓடாவிட்டால் போய் மெக்கானிக்கைக் கூட்டி வருவார். இதைவிடப் பாதுகாப்பாக ஒரு பயணம் போக முடியுமா?

கிளம்பினோம். பக்கக் கண்ணாடியில் அவரும், அவர் காலடியில் அந்த மஞ்சள் கேனும் தெரிந்துகொண்டே இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரே தெம்பு. நாத்தனார் வறுத்த கடலையை உரித்து என் வாயில் போட்டுக்கொண்டே வந்தாள். கல்லல் ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் ஆளில்லாத கருவேலங்காடு. இஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு இருமல், ஒரு விக்கல், எதுவும் இல்லை. நன்றாகத்தான் ஓடியது. மறுபடி கண்ணாடியைப் பார்த்தேன். அவரைக் காணோம்.

"அண்ணன் எங்குட்டுப் போனாரு?" என்றாள் நாத்தனார்.

வேகத்தைக் குறைத்தேன். வரவில்லை. ஓரமாக நிறுத்தினேன். வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. லாரி தட்டியிருக்குமோ, மாடு குறுக்கே வந்திருக்குமோ, பள்ளத்தில் கிடக்கிறாரோ என்று என்னென்னவோ நினைப்பு. அந்த ரோட்டில் பிக்கப்பைத் திருப்புவது என்பது எனக்கு அதுவரை தெரியாத காரியம். டிரைவிங் ஸ்கூலில் மைதானத்தில் திருப்பியதுதான். எப்படித் திருப்பினேன் என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது. முன்னே போனது, பின்னே வந்தது, ஒரு கருவேலங்கிளை கண்ணாடியில் உரசியது, வண்டி திரும்பி நின்றது. "மதினி, இது நீயா ஓட்டுன?" என்றாள் நாத்தனார்.

கொஞ்ச தூரத்தில் அவரைப் பார்த்தோம். மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னங்க ஆச்சு?"

அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு மொபெட்டைப் பார்த்தார். "பெட்ரோல் தீந்துருச்சு" என்றார்.

நாத்தனார் ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்தே விட்டாள். "அண்ணே, மனசுக்குள்ள ஒரு கணக்கு இருக்குல்ல, அது என்ன ஆச்சு?"

"சும்மா இருத்தா."

"கேன்ல இருக்குறதை ஊத்திப் பாருங்களேன்."

"அது டீசலு!"

"தெரியும், தெரியும். எங்களைக் காப்பாத்தக் கொண்டாந்தது."

சிரிக்கக்கூடாது என்றுதான் நானும் பார்த்தேன். அவரே சிரித்துவிட்டார். மூன்று பேருமாக மொபெட்டைத் தூக்கிப் பின்னால் ஏற்றினோம். கட்டுவதற்குக் கயிறு இல்லை. அதனால் அவரும் பின்னாலேயே ஏறி, சந்தையிலிருந்து வாங்கிய கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் மாதிரி மொபெட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படியே காளையார்கோவில் போய்ச் சேர்ந்தோம். கோயிலின் இரண்டு கோபுரமும் தெரிந்ததும் அவர் பின்னால் நின்றபடியே ஒரு கையால் கும்பிட்டார். மற்ற கை மொபெட்டை விடவில்லை. பெட்ரோல் போட்டோம், மண்டபத்தைப் பார்த்தோம், எந்த வாசலில் இறக்குவது என்று கேட்டுக்கொண்டோம். டீ குடிக்கும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது: மொபெட்டைத் திரும்பிப் போய் எடுத்ததிலிருந்து டீசலைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. நினைத்ததும், விட்டதற்கெல்லாம் சேர்த்து ஒரே மூச்சாகக் கவலைப்பட்டுத் தீர்த்தேன்.

வண்டி நிற்காமலே பட்டறை வந்து சேர்ந்தது. மெக்கானிக் ஜாக்கி வைத்து டேங்கை இறக்கினார். உள்ளே ஒரு குடத்துக்கும் குறைவாகத்தான் இருந்தது. மேல்மூடியைக் கழற்றி மிதவையை வெளியே எடுத்து, ஒயரை மாட்டிக் கையால் மேலும் கீழும் ஆட்டினார். நான் சீட்டில் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அசையுதாக்கா?"

"இல்ல தம்பி."

"இப்ப?"

"ம்ஹூம்."

மிதவை நன்றாகத்தான் இருக்கிறது, ஓட்டை இல்லை, சிக்கவும் இல்லை என்று முணுமுணுத்தார். பிறகு ஏதோ தோன்றி, ஒரு துண்டு ஒயரை எடுத்து மிதவையின் மூடியையும் வண்டிச் சட்டத்தையும் சேர்த்துத் தொட்டார். முள் எழுந்துவிட்டது! மிதவையை இறக்கினால் இறங்கியது, ஏற்றினால் ஏறியது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து டீக்கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

மெக்கானிக் அடியில் படுத்துக்கொண்டு டேங்கைச் சட்டத்தோடு இணைக்கிற இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். "அண்ணே, இந்தப் பச்சைப் பெயிண்ட் யாரு அடிச்சது?"

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

எங்கள் வீட்டில் அந்தப் பச்சை தெரியாத இடம் கிடையாது. ஜன்னல் கம்பிக்கு என்று வாங்கி, மிஞ்சிப்போனதை வீணாக்கக்கூடாது என்று கேட்டுக்கு அடித்தார். அப்புறமும் மிஞ்சியது. கிரைண்டர் ஸ்டாண்டு, சிலிண்டர் வண்டி, கோழிக்கூடு எல்லாம் பச்சையாயின. அப்போதும் டப்பாவின் அடியில் கொஞ்சம் இருந்திருக்கிறது. வண்டி எங்கள் கைக்கு வந்த புதிதில், அதை எஃப்.சி. சோதனைக்குக் கொண்டு போகுமுன் அடியில் துருப்பிடித்த இடமெல்லாம் அவரே படுத்துக்கொண்டு ஆசை தீரப் பூசியிருக்கிறார். எர்த் ஒயரை இறுக்குகிற இடம், போல்ட், வாஷர் எல்லாவற்றையும் கழற்றி, தனித்தனியாகப் பெயிண்ட் அடித்து, காயவைத்து மாட்டியிருக்கிறார். பெயிண்டைத் தாண்டிக் கரண்ட் போகாது. போகாத இடத்தில் முள் எப்படி எழுந்திருக்கும்?

"அப்ப இந்த இடத்தைச் சுரண்டி விட்டிருந்தாலே..." என்று ஆரம்பித்தார் வீட்டுக்காரர்.

"ஆமாண்ணே" என்றார் மெக்கானிக்.

"டேங்கை இறக்கியிருக்கவே வேண்டியதில்ல?"

"இல்லதான்."

"டீசலையும் தீத்திருக்க வேண்டியதில்ல?"

மெக்கானிக் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு அடியில் போய்விட்டார். சரசரவென்று தேய்க்கிற சத்தம் மட்டும் வந்தது. அரைத் துண்டு உப்புத்தாளில் முடிகிற வேலை. நான் ஒரு மாதம் ஆத்தங்குடிக்கும் கோயிலுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் வண்டி ஓட்டியிருக்கிறேன். எனக்குக் கோபம் வரும் என்று இரண்டு ஆண்பிள்ளைகளும் எதிர்பார்த்தார்கள் போல. எனக்கு என்னவோ, அன்றைக்கே சுரண்டிச் சரி பண்ணியிருந்தால் நான் அந்த ரோட்டில் வண்டியைத் திருப்பியிருப்பேனா என்றுதான் இருந்தது.

டேங்கை ஏற்றி மாட்டி, மஞ்சள் கேனில் இருந்ததை ஊற்றினார்கள். முள் காலியிலிருந்து ஒரு நகக்கண் அளவு எழுந்து நின்றது. அதைப் பார்த்தபடியே பங்குக்குப் போனோம். பங்குப் பையன் வழக்கம்போலத் துணியோடு வந்தான். "பாதி போதும்" என்றேன். அவன் வீட்டுக்காரரைப் பார்த்தான், சரியாகத்தான் கேட்டதா என்று.

கல்யாணத்தன்று விடிந்தும் விடியாமலும் டப்பாக்களை ஏற்றி, நடுவில் சந்து இல்லாமல் பழைய போர்வைகளைத் திணித்து, கயிறு கட்டி, நான் மட்டும் கிளம்பினேன். சமையல் பாத்திரங்களை முந்தின நாளே இதே வண்டியில் கொண்டுபோய் இறக்கியாகிவிட்டது, மற்றவர்கள் கொத்தமங்கலம் போய்விட்டார்கள். டீசலைப் பற்றிக் கவலை இல்லை, முள் பாதிக்கு மேல் நின்றது. அதனால் கவலை பின்கதவுக் கொக்கிக்குப் போயிற்று. இரண்டு தடவை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். கொக்கி நன்றாகத்தான் இருந்தது. வளைவில் திரும்பும்போது டீசல் ஒரு பக்கமாகச் சாயும் போலிருக்கிறது, முள்ளும் கூடவே சாய்ந்து நிமிர்ந்தது. முதல் வளைவில் பதறினேன். அப்புறம் அது தலையாட்டிக்கொண்டு கூட வருகிற மாதிரி இருந்தது. நானும் ஒருமுறை தலையாட்டினேன். ரோட்டில் யாரும் இல்லை.

மண்டபத்தில் டப்பாக்கள் இறங்கியதும் பெண்ணின் அம்மா பட்டுச்சேலையும் வேர்த்த முகமுமாக ஓடிவந்தார். முதலில் மனகோல டப்பாவைத்தான் திறந்தார். உள்ளே கையை விட்டு எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். அடியில் கைவிட்டு, பொடி இருக்கிறதா என்று துழாவினார். பிறகு டப்பாவை மூடிவிட்டு என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார். "போட்ட மாதிரியே இருக்குத்தா!"

உடனே திரும்பி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏப்பா, பலகார வண்டி டிரைவருக்கு வச்ச தட்டை எடுத்தா. அவரைச் சாப்பிடச் சொல்லு. எங்க, எங்குட்டு நிக்கிறாரு?"

"நான்தான்க்கா ஓட்டியாந்தேன். போன்லயே சொன்னேனே."

"நீ கூட வருவேன்னுல்ல நெனச்சேன்! நீயேவா?"

தட்டு வந்துவிட்டது. வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், அவற்றின் மேல் மடிப்புக் கலையாத ஒரு வேட்டியும் துண்டும். டிரைவர்களுக்கு முகூர்த்த வீட்டில் கொடுக்கிறது. அந்த அம்மாவுக்கு முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "அய்யய்யோ, பொம்பளைக்குப் போய் வேட்டியா குடுக்குறது? இருத்தா, உள்ள போய் ஒரு சேலை எடுத்தாரேன்."

"சேலை வேணாம்க்கா. இது டிரைவருக்கு வச்சதுதானே?"

"ஆமா, ஆனா..."

"அப்ப குடுங்க."

இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன். டிரைவர்களுக்குப் போட்டிருந்த பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டுதான் வண்டியை எடுத்தேன்.

வீட்டுக்காரர் சமையலை முடித்துவிட்டு வந்தபோது வேட்டி மேசைமேல் இருந்தது. கரையைத் தடவிப் பார்த்தார். நல்ல நூல் என்றார். எடுத்து இடுப்பில் வைத்து அளவு பார்த்தார்.

"எனக்குத்தானே?"

"அது டிரைவருக்குக் குடுத்ததுங்க" என்றேன். "உங்களுக்கு வேணும்னா நீங்களும் எங்கயாச்சும் ஒரு லோடு கொண்டுபோய் இறக்கிட்டு வாங்கிக்கிருங்க. போறப்ப முள்ளைப் பாத்துட்டுப் போங்க."